641க்குப் போகும் வழி

4294967297. இரண்டின் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவது. என் ரஃப் நோட்டுகளில் அதிகம் கிறுக்கப்பட்ட எண் இதுதான்.

3, 5, 17, 257, 65537: இந்த ஐந்தும் பகா எண்கள். இரண்டின் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய் ஒன்றைக் கூட்டும் இதே வரிசையில் ஆறாவதாக வரும் 4294967297உம், இதற்குப் பின்னால் வருபவையும் அப்படியே இருக்கும் என்று ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் இதை 641ஆல் மீதியின்றி வகுத்துக் காட்டினார். ஈவு 6700417.

"சார், போன்ல போட்டா வந்துடுமே?" என்பார்கள் மாணவர்கள். வரும். ஆனால் 641ஐ எங்கே போய்த் தேடுவது என்பதில்தான் எனக்கு ருசி. இதன் வர்க்கமூலம் 65536ஐச் சற்றே தாண்டும். அதற்குள் பகா எண்கள் 6542. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் 641 வருவது 116ஆவதாக. ஆய்லர் அப்படி முட்டிக்கொண்டிருக்கவில்லை. இதை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்று கண்டுகொண்டார். 193, 257, 449, 577, அடுத்து 641. ஐந்தாவதிலேயே பிடிபட்டுவிட்டது.

19ஆம் நூற்றாண்டில் லூக்கா சல்லடையை இன்னும் நெருக்கினார்: 64 அல்ல, 128. இப்போது 129, 257, 385, 513, 641. இவற்றில் 129, 385, 513 பகு எண்கள். 257? வரிசையின் முதல் ஐந்து எண்களையும் பெருக்கி 2ஐக் கூட்டினால் நம் எண்ணே வந்து நிற்கும். ஆக 257 இதை வகுத்தால் 2ஐயும் வகுத்தாக வேண்டும், அது நடக்காது. அப்படியானால் முதன்முதலாக வகுத்துப் பார்க்க வேண்டிய எண்ணே 641தான்!

அந்த ஒரு வகுத்தலைக்கூடத் தவிர்க்கலாம். 641 என்பது 5 × 128 + 1; அதுவே 625 + 16ம் கூட. 641ஆல் வகுக்கும் கணக்கில் 640க்குப் பதில் −1 என்று எழுதலாம். 640ஐ நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × (2இன் 28ஆம் அடுக்கு), மீதி 1. அந்த 625க்குப் பதில் −16ஐப் போடுங்கள். மைனஸ் குறியோடு 2இன் 32ஆம் அடுக்கு வருகிறது, அதன் மீதியும் 1. அப்படியானால் அந்த அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் மீதி பூஜ்யம். பத்து இலக்கத்தை எங்குமே எழுதவில்லை, பாருங்கள். கரும்பலகையில் இதைச் செய்யும்போது வகுப்பில் இரண்டு மூன்று பேராவது நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கு அது போதும்.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 6700417 பகா எண்தானா என்றும் பார்க்க வேண்டாமா? அதை வகுப்பது நம் எண்ணையும் வகுக்கும் என்பதால், அதே 128 சல்லடை இங்கும் செல்லும். வர்க்கமூலம் சுமார் 2588. அதற்குள் சல்லடையில் தங்கும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409. 257 முன்பே கழிந்தது. மிச்சம் நான்கு வகுத்தல். மீதிகள் முறையே 44, 120, 334, 622. பகா எண்ணேதான்.