முதல் குடம் நிறையட்டும்!

பாகூரில் இருக்கும் என் அக்காதான் அவர்கள் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள். கடன் விண்ணப்பத்தைத் தமிழில் அடித்து மறுநாள் காலை பாங்கில் கொடுத்தாக வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரிலோ தமிழ் விசைப்பலகை இல்லை.

"இதென்ன பிரமாதம்? ஐந்து நிமிஷ வேலை!" என்று நான் முன்வந்தேன். படித்தவள், பத்திரிகைக்காரி வேறு, கேட்பானேன்!

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது உபுண்டு லினக்ஸ். 1993-ல் இயான் மர்டாக் என்பவர் தம் காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து ஆரம்பித்த 'டெபியன்' குடும்பத்தில், 2004-ல் பிறந்த பிள்ளை அது. அங்கே மென்பொருள்கள் 'பாக்கேஜ்' என்னும் மூட்டைகளாக வரும். ஒரு மூட்டைக்கு இன்னொரு மூட்டையின் துணை வேண்டியிருக்கும். 'ஆப்ட்' என்ற ஏவலாள் எல்லாவற்றையும் தேடிக் கொண்டுவந்து சேர்ப்பான்.

கட்டளை கொடுத்தேன். 'வேறொரு வேலை நடக்கிறது. பூட்டியிருக்கிறது' என்று பதில் வந்தது. கீழே இன்னும் ஏதோ எழுதியிருந்தது. யார் படித்தார்கள்? பூட்டுக் கோப்பை அழித்துவிட்டு மறுபடியும் கட்டளை கொடுத்தேன். அவ்வளவுதான்! அதன் பிறகு எந்த மூட்டையும் உள்ளே போக மறுத்தது. மணி ஒன்பதரை.

"ஏண்டி, அது என்னதான் சொல்கிறது? வாய்விட்டுப் படியேன்!" என்றாள் அக்கா.

மேலே தள்ளிப் பார்த்துத் தமிழில் சொன்னேன்: "பூட்டை அழிப்பது பரிகாரமல்ல, கம்ப்யூட்டர் கெட்டுப்போகலாம்." எனக்கு முகம் சுண்டிவிட்டது. கம்ப்யூட்டரைத் திறந்ததும் அது தானாகவே பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அதற்காகத்தான் பூட்டு.

அக்கா சிரித்தாள். "குழாயடியில் ஒருத்தி குடம் நிறைவதற்குள் அதைத் தள்ளிவிட்டு உன் குடத்தை வைத்தாயாக்கும்!"

கடைசியாக வந்த செய்தியையும் படிக்கச் சொன்னாள். பரிகாரம் அதிலேயே இருந்தது: 'வேலை பாதியில் நின்றுவிட்டது, டிபிகேஜி கன்ஃபிகர் கட்டளையைக் கொடு.' அதாவது, அவிழ்த்துப் போட்ட மூட்டைகளை முதலில் ஒழுங்காக அடுக்கி முடி என்று அர்த்தம். கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக ஓடி முடிந்தது. விட்டுப்போன துணை மூட்டைகளைக் கொண்டுவர 'ஃபிக்ஸ் புரோக்கன்' என்ற இன்னொரு கட்டளை. அப்புறந்தான் தமிழ் விசைப்பலகை உள்ளே போயிற்று. கம்ப்யூட்டரை மூடித் திறந்து, அக்கா தன் கையாலேயே 'அ' என்று அடித்தபோது மணி பதினொன்று.

விண்ணப்பம் வேளைக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போதெல்லாம் டெலிபோனில் நான் எதற்காவது அவசரப்பட்டால், அக்கா ஒரே கேள்விதான் கேட்கிறாள்: "முதல் குடம் நிறைந்துவிட்டதா?"