காது மிஷினும் ஆறு வாட் கணினியும்

போன வருடம் வரை எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று கூரையில். மற்ற நான்கும் என் மேஜைக்கு அடியில், கேபினெட்டுக்குள்: பிராசஸர் தலைமேல் ஒன்று, எஸ்எம்பிஎஸ்ஸில் ஒன்று, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. காலை பத்து மணிக்கு நான் ஸ்விட்சைப் போட்டதும் அவை எழும். உடனே அப்பா காது மிஷினைக் கழற்றி, டிவி ஸ்டாண்டில் இருக்கிற பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். இரவு நான் கணினியை அணைத்த பிறகுதான் திரும்ப எடுப்பார். அதாவது, வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு நானும் அப்பாவும் ஒரே அறையில் இருந்தோம், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், பேசாமல்.

நசரத்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு கணினி விசிறியின் சத்தத்தைக் குறை சொல்வது வேடிக்கைதான். இங்கே ஒரு பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலை, அதற்குக் குறுக்கே வெளிவட்டச் சாலை. இரவு இரண்டு மணிக்கும் கன்டெய்னர் லாரி கியர் மாற்றுவது கேட்கும். இதில் கணினி விசிறியின் முணுமுணுப்பு எம்மாத்திரம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் லாரி வரும், போகும். விசிறி போகாது. அது நம்முடைய பேச்சுக்கு அடியில் ஒரு ஜமுக்காளம் மாதிரி விரிந்து கிடக்கும்.

அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தார். பவர் பிரஸ். தகடு உள்ளே போகும், டை இறங்கும், ஒரு அடி. ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை அடி என்று கேட்டால் சிரிப்பார். தொழிற்சாலை விதிகளில் இரைச்சலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல், 95 என்றால் நான்கு மணி நேரம், 100 என்றால் இரண்டு. ஐந்து டெசிபல் கூடினால் நேரம் பாதி. அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் 85-இல் ஆரம்பித்து, மூன்று டெசிபலுக்கு ஒரு முறை பாதியாக்கச் சொல்கிறது. ஒலியின் ஆற்றல் மூன்று டெசிபலுக்கு இரட்டிப்பாகிறது என்பதால் இயற்பியல் இந்தக் கணக்கின் பக்கம் நிற்கிறது. எப்படிக் கணக்குப் போட்டாலும் அப்பாவின் ஷாப் தேறாது. இரைச்சலால் வரும் காது கேளாமை 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இருந்தது. அப்பாவை யாரும் அறிவிக்கவில்லை. கம்பெனி பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை.

இந்த வகைக் காது கேளாமை வால்யூமைக் குறைத்த மாதிரி இருக்காது. ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். தாழ்ந்த ஒலிகள் பெரும்பாலும் கேட்கும். உயிரெழுத்துகள் அங்கேதான் இருக்கின்றன, அதனால் யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும். க, ப, த, ச என்று மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய உரசல்களும் வெடிப்புகளும் மேலே இருக்கின்றன, போவது அவைதான். 'கடை' என்றால் 'படை' என்று விழும். நாம் கத்தினால் உயிரெழுத்து மட்டும் பெரிதாகும், அவ்வளவுதான். "கத்தாதடா, சொல்லு" என்பார் அப்பா. சின்ன வயதில் எனக்கு இது கோபம் மாதிரித் தெரியும். பிறகுதான் புரிந்தது, அது ஒரு துல்லியமான டெக்னிக்கல் விளக்கம்.

இன்னொரு விஷயம்: தாழ்ந்த ஒலி தனக்கு மேலே இருக்கிற ஒலிகளை மூடும், மேலே இருப்பது கீழே இருப்பதை அந்த அளவுக்கு மூடாது. விசிறியின் ஹூங்காரம் கீழிருந்து மேல்நோக்கிப் பரவி, அப்பாவுக்கு மிச்சமிருக்கிற மெய்யெழுத்துகளையும் தின்றுவிடும். விலை உயர்ந்த மிஷின்கள் நிலையான இரைச்சலை அடையாளம் கண்டு கொஞ்சம் குறைக்கும். எங்களுடையது அந்த விலையில்லை. அது வந்ததையெல்லாம் பெரிதாக்கித் தரும் நேர்மையான மிஷின்.

"ஆவடி மாவு மில்லுல உக்காந்த மாதிரி இருக்குதுடா" என்று ஒரு நாள் சொன்னார். அதற்குப் பிறகுதான் விசிறியே இல்லாத கணினி ஒன்றைக் கட்டுவது என்று முடிவு செய்தேன்.

இது புதிய ஆசை ஒன்றும் இல்லை. 1980-இல் வந்த ஆப்பிள் III-இல் விசிறி கிடையாது, ஸ்டீவ் ஜாப்ஸின் பிடிவாதம் அது. சூட்டில் சில்லுகள் சாக்கெட்டிலிருந்து மேலெழும்பிவிட, மெஷினை இரண்டு மூன்று அங்குலம் தூக்கி மேஜையில் போடுங்கள், திரும்ப உட்கார்ந்துகொள்ளும் என்று ஆலோசனை சொன்னார்கள். நம் ஊரில் 1984-இல் மத்திய அரசு பள்ளிகளுக்குக் கணினி கொடுக்க ஆரம்பித்த 'கிளாஸ்' திட்டத்தில் வந்தது பிபிசி மைக்ரோ. அதிலும் விசிறி இல்லை. அதைச் செய்த ஏகார்ன் கம்பெனிதான் அடுத்த வருடம் முதல் ஆர்ம் சில்லைச் செய்தது. மலிவான பிளாஸ்டிக் உறையில் அடங்க வேண்டும், அதனால் சூடாகக் கூடாது என்பது அவர்களுடைய கவலை. சோதனையில் மின் இணைப்பே கொடுக்காமல் சில்லு ஓடிக்கொண்டிருந்தது. மற்ற கம்பிகள் வழியாகக் கசிந்து வந்த மின்சாரமே அதற்குப் போதுமானதாக இருந்தது. இன்று நம் ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் இருக்கிற விசிறியில்லாத கணினி அந்த வம்சம்.

சென்னைக்கும் இதில் ஒரு கதை உண்டு. 2000-களின் நடுவில் நோவேடியம் என்று ஒரு நிறுவனம் இங்கே இருந்தது. ஐஐடி மெட்ராஸின் அசோக் ஜுன்ஜுன்வாலா, ராஜேஷ் ஜெயின், அனலாக் டிவைசஸின் ரே ஸ்டாட்டா மூவரும் தொடங்கியது. வீட்டில் ஒரு எளிய, மலிவான பெட்டி மட்டும். கணக்கெல்லாம் தூரத்தில் ஒரு சர்வரில். அது பெரிதாகப் பரவவில்லை. ஆனால் அந்த யோசனை இப்போது எல்லோர் வீட்டிலும் வேறு பெயரில் இருக்கிறது. இதைப் பிறகு சொல்கிறேன்.

நான் எடுத்தது இன்டெல் என்100. 2023 தொடக்கத்தில் வந்த சில்லு, நான்கு கோர், காகிதத்தில் 6 வாட். போர்டு ஏஎஸ்ராக்கின் என்100டிசி-ஐடிஎக்ஸ். சில்லு போர்டிலேயே பதிந்திருக்கும், அதன்மேல் விசிறியில்லாத அலுமினிய ஹீட் சிங்க். இதற்கு எஸ்எம்பிஎஸ் தேவையில்லை, 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் போதும். அப்படியே ஒரு விசிறி ஒழிந்தது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி, அதில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் நரசிங்கபுரம் தெருவிலும் ஒரு சனிக்கிழமை அலைந்து ரேமும் அடாப்டரும் வாங்கினேன். கடைக்காரர், "ஃபேன் இல்லாம மெட்ராஸ்லயா சார்? ஒரு ஃபேன் போட்டுக்கோங்க, நூத்தம்பது ரூபாதான்" என்றார். நியாயமான வியாபாரம், நியாயமான கவலையும்கூட.

ஏனென்றால் சூட்டுக்கும் ஓம் விதி மாதிரி ஒன்று இருக்கிறது. எத்தனை வாட், அதை வெளியேற்றும் வழியில் ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி தடை, இரண்டையும் பெருக்கினால் அறையை விட எவ்வளவு சூடாகும் என்று வந்துவிடும். 15 வாட், வாட்டுக்கு 3 டிகிரி என்று வையுங்கள்: 45. குளிர் நாட்டில் 22 டிகிரி அறையில் சில்லு 67-இல் நிற்கும். மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கிற எங்கள் ஹாலில் மே மாதம் மதியம் 36, அப்போது 81. என்100 தாங்கும் எல்லை 105. போதும். என் பழைய 65 வாட் சில்லை இதே உலோகத்தில் உட்கார வைத்தால் கணக்கு 200-ஐத் தாண்டும். அதற்கு முன்னாலேயே அது தன்னை அணைத்துக்கொள்ளும். குளிரூட்டுவதில் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை, குறைவாக எரிப்பதில்தான் எல்லாமே.

காகிதத்தில் இருக்கிற ஆறு வாட்டும் பாதி உண்மைதான். முழு மூச்சில் வேலை செய்யும்போது சில்லு அதைத் தாண்டிக் குடிக்கும். பிளக்கில் மீட்டர் மாட்டிப் பார்த்தேன்: சும்மா இருக்கும்போது மொத்த மெஷினும் 9 வாட், திணறும்போது 22. பழையது சும்மா இருக்கும்போதே 70. பத்து மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டு மாத பில்லில் முப்பது யூனிட்டுக்கு மேல் மிச்சம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளின் கட்டணமும் சேர்ந்து ஏறும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. அம்மாவுக்கு இந்தத் திட்டத்தில் பிடித்த ஒரே பகுதி அது.

அப்பா முதல் இரண்டு நாள் தூரத்திலிருந்து பார்த்தார். போர்டைத் தரையில் படுக்க வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வந்து குந்தி உட்கார்ந்து, புறங்கையை ஹீட் சிங்க்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மெஷினில் வேலை செய்தவர்கள் உள்ளங்கையால் தொட மாட்டார்கள். புறங்கைதான்.

"இத ஏன்டா படுக்க வச்சிருக்க? நிக்க வை."

"ஏம்ப்பா?"

"சூடு மேலதான போவும். இந்தப் பல்லெல்லாம் மேல பாத்தா மாதிரி நின்னா காத்து கீழருந்து ஏறும். இப்ப அது எங்க போவும்?"

பாடப்புத்தகத்தில் இதற்கு இயற்கை வெப்பச்சலனம் என்று பெயர். பொறியியல் படிப்பில் ஒரு பேப்பரே எழுதியிருக்கிறேன். அப்பா எல் ஆங்கிள் இரண்டை அறுத்து, ஓட்டை போட்டு, பிசிறை அரத்தால் தேய்த்து, போர்டு நேராக நிற்கிற மாதிரி ஒரு ஸ்டாண்ட் செய்தார். ஹீட் சிங்க்கின் இடுக்குகள் செங்குத்தாக, மேலும் கீழும் திறந்து. சில்லு ஆறு டிகிரி இறங்கியது. "எவ்ளோ?" என்று கேட்டார். சொன்னேன். "அவ்ளோதானா?" என்றார், ஆனால் அன்று சாயங்காலம் எதிர் வீட்டு மாமாவை அழைத்து வந்து காட்டினார்.

விசிறியில்லாத கணினி என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, கூரையில் இருக்கிறது ஒன்று. அதை அணைத்தால் எட்டு டிகிரி ஏறுகிறது. சென்னையில் எந்தக் கணினிக்கும் ஒரு சீலிங் ஃபேன் உறவுக்காரன்தான். எங்களுடையது பழைய வகை, 75 வாட். ஒன்பது வாட் கணினியைக் குளிர்விக்க எழுபத்தைந்து வாட் விசிறி என்று யாராவது கேலி செய்யலாம். அது எங்களுக்காக ஓடுகிறது, கணினி ஓசியில் காற்று வாங்குகிறது. அந்த விசிறியின் சத்தம் அப்பாவுக்கு இடைஞ்சலாக இல்லை. அது ஐம்பது வருடப் பழக்கம், அவருக்கு அது நிசப்தத்தின் ஒரு பகுதி. இரவில் திரை மாறும்போது போர்டின் ஒரு காயிலிலிருந்து மெல்லிய கீச்சு வருகிறது. எனக்குக் கேட்கிறது, அப்பாவுக்கு வாய்ப்பே இல்லை.

இப்போது காலை பத்து மணிக்கு மிஷின் காதிலேயே இருக்கிறது. இதனால் எல்லாம் இனிமையாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் என் மீட்டிங்கை முழுதாகக் கேட்டுவிட்டு, "யார்ரா அந்த ஆளு? உன்ன அப்படிப் பேசுறான், நீ சரி சரின்ற?" என்றார். மேனேஜர் என்றேன். "எங்க சூப்பர்வைசரும் கத்துவான். பிரஸ் ஓடும்போது ஒண்ணும் கேக்காது. வாயி மட்டும் ஆடும்." கொஞ்ச நேரம் கழித்து, "நல்லதாப் போச்சு" என்றார். எது நல்லதாகப் போனது என்று நான் கேட்கவில்லை.

வேலை விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என்100 நல்ல சில்லு, ஆனால் எங்கள் கம்பெனியின் மொத்த நிரலையும் கம்பைல் செய்யச் சொன்னால் டீ போட்டுக் குடித்து டம்ளர் கழுவி வைத்துவிட்டு வரலாம். அதனால் கனமான வேலைகளை கிளவுடில் இருக்கிற மெஷினுக்கு அனுப்புகிறேன். என் மேஜையில் இருப்பது கிட்டத்தட்ட நோவேடியம் சொன்ன அந்த எளிய பெட்டி. சத்தம் ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. எங்கே என்று யோசித்தால் சிரிப்பு வராது. அம்பத்தூரில், அப்பா தகடு அடித்த தொழிற்பேட்டைப் பக்கம், இப்போது டேட்டா சென்டர்கள் நிற்கின்றன. ஒரு சர்வருக்குள் கட்டைவிரல் நீள விசிறிகள் வரிசையாக, நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல். நெருக்கி அடுக்கிய அறைக்குள் 85 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். என்னுடைய கம்பைல் எந்த ஊரில் ஓடுகிறதோ தெரியாது, ஆனால் யாரோ ஒருவர் காதுப் பக்கத்தில் ஓடுகிறது.

பின் தெருவில் ஒரு பையன் டிப்ளமோ முடித்துவிட்டு அப்படி ஒரு இடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினியைப் பார்க்க வந்தான். ஸ்டாண்டைத் தொட்டுப் பார்த்து, "ஆன்ல இருக்காண்ணா?" என்று கேட்டான். அதைவிட நல்ல பாராட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அப்பா அவனிடம் வேலை பற்றி விசாரித்தார். உள்ளே எவ்வளவு நேரம் நிற்பாய், ஷிஃப்ட் எப்படி, எல்லாம்.

"காதுக்கு எதனா குடுக்குறாங்களாப்பா?"

"குடுக்குறாங்க தாத்தா. போட்டா போன் வந்தா தெரியாது, அதான் பாக்கெட்லயே வச்சிப்பேன்."

அப்பா வலது காது மிஷினைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தார். அது பிடியில் அடங்கியதும் கீச்சென்று விசில் அடித்தது. பையன் பதறி விரலை விரித்தான்.

"இது ஒண்ணு என்ன விலை, சொல்லு பாப்போம்" என்றார்.