கரி வண்டியில் ஐந்து மைல்

போன கோடையில் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரிலுள்ள தம்பி வீட்டில் இருந்தபோது, பக்கத்துக் கீத்லியில் கரி வண்டி ஏறினோம். ஆக்ஸன்ஹோப் வரை சுமார் ஐந்து மைல், ஆறு ஸ்டேஷன்கள். நடுவில் ஓக்வொர்த்தில் இன்றும் காஸ் விளக்குதான்! 1962-ல் அரசு ரயில்வே மூடிவிட்ட பாதை இது. ஊர்க்காரர்கள் சங்கம் அமைத்துப் பாடுபட்டு 1968-ல் மறுபடி ஓட வைத்தார்கள். டிக்கெட் கொடுப்பது, கொடி காட்டுவது எல்லாம் பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டர்கள்தாம்.

ஆக்ஸன்ஹோப்பில் இறங்கி எஞ்சினருகே போனேன். கரியும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை! காலமான என் அப்பா ஃபயர்மேனாக இருந்தவர். அவருடைய காக்கிச் சட்டையை அம்மா வென்னீரில் ஊறவைத்து, கை காய்த்துப்போக அடித்துத் துவைப்பாள். இங்கே கரி அள்ளிப் போட்டவரோ ஒரு பெண்! முகமெல்லாம் கரி.

"இந்த உடுப்பை வீட்டில் யார் துவைப்பார்கள்?" என்று தம்பி மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன்.

"வேறு யார்? நான்தான்!" என்று சிரித்தாள் அவள்.

அன்றிரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுடி, சலவைச் சோடா போட்டு ராத்திரி முழுக்க ஊற வைக்கணும்" என்றாள்.