கடலோர மாளிகையும் பின்கட்டு அறையும்

பந்தல்குடிக்காரர்களுக்குக் கடல் அவ்வளவு தொலைவில் இல்லை. தெற்கே தூத்துக்குடிச் சாலையைப் பிடித்தால் ஒரு காலைப் பொழுதிற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆயினும் மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்த்தே வாழ்நாளைக் கழிக்கும் கரிசல் காட்டு மக்களுக்கு நீர் என்பது கண்மாயில் கிடப்பது; பல ஆண்டுகள் கிடக்காமலும் போவது. நம் அத்தை எழுபது வயதைக் கடந்த பின்னரே கடலைக் கண்டார். 2009ஆம் ஆண்டில், பேத்தியின் திருமுழுக்கிற்காக அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். சாந்தோம் பேராலயத்தில் செபித்துவிட்டு மெரினாவிற்கு வந்து நடைபாதைத் திண்டில் அமர்ந்தோம். கடலைச் சற்று நேரம் பார்த்தவர், பிறகு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலைக்கு அப்பால் நின்ற மாளிகையையே பார்க்கலானார்.

"யாருய்யா கட்டுனது, இம்புட்டுப் பெருசா?"

வட்டமாக வளைந்த முகப்போடு கடலை நோக்கி நிற்கும் அந்தக் கட்டடம் விவேகானந்தர் இல்லம். சென்னைவாசிகள் பலருக்கு இன்னும் அது ஐஸ் ஹவுஸ்தான். அப்பகுதியின் காவல் நிலையத்திற்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. "ஐஸ்கட்டி வைக்கக் கட்டுனது, அத்தை" என்றோம். நாம் விளையாடுகிறோம் என எண்ணிச் சிரித்தார். சிறுவயதில் வெயிலில் வரும் ஐஸ் வண்டிக்காரரிடம், முந்தானை முடிச்சை அவிழ்த்து நமக்குச் சேமியா ஐஸ் வாங்கித் தந்தவர் அவர். அந்தக் குச்சி ஐஸுக்கு இத்தனை பெரிய வீடா என்பது அவருடைய ஐயம்.

ஆனால் அது உண்மை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஃபிரெடெரிக் டியூடர் என்ற வணிகர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளின் பனியைப் பாளம் பாளமாக வெட்டி, மரத்தூளில் பொதிந்து, வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பத் துணிந்தார். ஊரார் நகைத்தனர், கடனுக்காகச் சிறைக்கும் சென்றார், எனினும் விடவில்லை. 1833இல் அவர் கல்கத்தாவிற்கு அனுப்பிய முதற்கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு புறப்பட்டது. ஏறத்தாழ நான்கு மாதப் பயணத்திற்குப் பின்னும் அதில் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. சென்னையில் அதைச் சேமித்து வைக்க 1842இல் எழுந்ததே இக்கட்டடம். அக்காலத்தில் இங்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட, சரக்கெல்லாம் மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டி வரவேண்டும். துரைமார் விருந்துக் கோப்பையில் பனிக்கட்டி மிதப்பதற்கு முன் எத்தனை தோள்கள் அதைச் சுமந்தனவோ! அமெரிக்க எழுத்தாளர் தோரோ, தாம் குடியிருந்த வால்டன் குளத்துப் பனியை டியூடரின் ஆட்கள் வெட்டுவதைக் கண்டு, சென்னைவாசிகளும் கல்கத்தாவாசிகளும் தம் கிணற்று நீரைப் பருகுவதாக எழுதினார். அந்தச் சென்னைவாசிகள் யார் யார் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

1870களில் இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை இந்நகருக்கே வந்துவிட, அவ்வணிகம் படுத்தது. கட்டடத்தைப் பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் வாங்கினார். பண்டகசாலைச் சுவர்களில் சாளரங்கள் திறந்தார், தாழ்வாரங்கள் அமைத்தார், கெர்னன் என்ற நீதிபதியின் நினைவாகக் 'காசில் கெர்னன்' எனப் பெயரிட்டார். 1897 பிப்ரவரியில், மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள்கள் அங்குத் தங்கினார். பின்னர் அவருடைய துறவுச் சகோதரர் இராமகிருஷ்ணானந்தர் அங்கேயே மடம் நடத்தினார். 1902இல் ஐயங்கார் மறைந்தார். 1906இல் வீடு ஏலத்திற்கு வந்தது. ஏலம் நடக்கையில் அத்துறவி வெளியே ஒரு பலகையில் அமர்ந்து, யார் வாங்கினால் தமக்கென்ன என்றிருந்தாராம். வாங்கியவர் ஒரு ஜமீன்தார். துறவிக்கு அது எளிது. போக இடமில்லாத குடும்பத்தினருக்கு அவ்வளவு எளிதன்று.

1917இல் அரசு அதை வாங்கியது. இங்கிருந்துதான் அத்தை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

1886இல் பிறந்த சுப்புலட்சுமி என்ற பெண்மணி, சிறுமியாக மணமுடித்து, விரைவிலேயே கைம்பெண் ஆனவர். அவருடைய பெற்றோர் ஊர் வழக்கத்தை மீறி அவரைப் படிக்க வைத்தனர். பிரசன்டேஷன் கன்னியர் பள்ளியில் பயின்றபோது, பிறர் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த அருட்சகோதரியரின் வாழ்வு அவர் நெஞ்சைத் தொட்டது. தம் சமயத்தில் நின்றபடியே, தம்மைப் போன்ற சிறுமியரின் கல்விக்குத் தம்மை அளித்துவிட முடிவு செய்தார். 'சகோதரி சுப்புலட்சுமி' என்று நாடு அவரை அழைத்ததன் காரணம் அதுவே. 1911இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவரே என்பர். விரல்விட்டு எண்ணத்தக்க சிறுமியரோடு அவர் தொடங்கிய இல்லம் வளர்ந்து, இடம் போதாமல், கடலோரத்து இந்த மாளிகைக்கு வந்து சேர்ந்தது. தலை மழிக்கப்பட்டு, இருட்டறைகளில் ஒடுங்கிக் கிடந்த பிள்ளைகள் இங்கே சிலேட்டும் புத்தகமும் ஏந்தினர். ஆசிரியைகளாக வெளியேறினர்.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. அந்த விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கென்றே நடந்தது. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பிப் பழகிய நாம் அதைப் பெரிதாகக் குறைகூறவும் இயலாது.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு அத்தை கேட்டார்:

"அந்தப் பிள்ளைகளுக்கு எழுதிக் குடுத்தாகளா, இந்த வீட்ட?"

"இல்ல அத்தை. அரசாங்கத்தோடதுதான். 1963ல பேர மாத்துனாக. 1997ல இராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்கு விட்டாக. இப்பக் கண்காட்சி நடக்குது."

"தங்கவாவது விட்டாகள்ல" என்றார்.

வாசக அன்பர்களுக்கு நம் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அத்தை இருபத்தொரு வயதில் கணவரை இழந்து, பிள்ளையின்றித் தாய்வீடு திரும்பியவர். தாத்தா கட்டிய காரை வீட்டில் அவருக்குக் கிடைத்தது தொழுவத்தை ஒட்டிய பின்கட்டு ஓட்டறை. தலைமழிப்போ காவியோ நம்மிடம் இல்லை என்று பெருமை பேசுவோம். ஆனால் மணவீட்டில் அவர் முன்வரிசையில் நின்றதை நாம் கண்டதில்லை. தாத்தா உயில் எழுதாமல் இறந்தார். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, அந்நிலையில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆண்மக்கள் நால்வர், மகள் ஒருத்தி. ஐந்தில் ஒன்று அத்தைக்கு உரியது. ஒரு காலைப்பொழுதில் அவரைப் பதிவு அலுவலகத்திற்கு அழைத்துச் சென்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினர். எழுத்தறியாத அவருடைய இடது பெருவிரலை மையில் ஒற்றித் தாளில் அழுத்தியது வேறு யாருமல்லர். கல்லூரி முடித்துவிட்டு வந்திருந்த நாமே. விரல் நடுங்கிற்று, அசையாமல் இருங்கள் என்று கடிந்துகொண்டோம். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நமக்குக் காப்பி வாங்கித் தரச்சொல்லி நம் தந்தையிடம் சொன்னார். சட்டம் என்ன சொல்கிறது என்பது அன்று நமக்குத் தெரியாது என்று எழுத ஆசைதான். ஓரளவு தெரியும்.

அன்று மெரினாவிலிருந்து எழுந்தபோது அவர் கையைப் பிடித்து எழுப்பினோம். அதே விரல். அவருக்கு அது நினைவில் இருந்ததோ இல்லையோ, கேட்கத் துணிவு வரவில்லை.

ஊர் திரும்பியபின் சித்தப்பா மக்களிடம் பேசினோம். வீட்டை விற்கும் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. இருவர் இசைந்தனர், ஒருவர், செத்த பேச்சை ஏன் எழுப்புகிறீர்கள் என்று கேட்டு, இரண்டு ஆண்டுகள் முகம் கொடுக்கவில்லை. பின்கட்டு நம் பங்கில் வந்தது ஒரு வாய்ப்பாயிற்று. அந்த அறையையும் அதன் முன்னிருந்த வேம்போடு கூடிய இடத்தையும் அத்தை பெயருக்கே செட்டில்மெண்ட் எழுதிப் பதிந்தோம். ஐந்தில் ஒன்றுக்கு அது ஈடாகாது.

பத்திரத்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தபோது அவர் பிரித்துப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த தகரப் பெட்டிக்கு மேல் வைத்தார். மழை பெய்தால் அந்த மூலை ஒழுகுமே அத்தை, நனைந்துவிடும் என்றோம்.

"அப்ப ஓடு மாத்த ஆள வரச் சொல்லு" என்றார்.