அழித்த படங்களின் இடம்

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுநாளுக்குக் கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. மாலையிட்ட பெரிய படம் ஏற்கெனவே சுவரில் இருந்தது. தம்பிக்கு வேறொன்று தோன்றியது. 2009ஆம் ஆண்டுப் பொங்கலன்று, புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவில் அவன் எடுத்த படங்களை, பழைய காண்டாக்ட் ஷீட் போல ஒரே தாளில் அச்சிட்டு மாட்டலாம் என்றான். அக்காவும் அதுவே சரி என்றாள். இரண்டு நாளில் முடியும் என்று எண்ணித் தொடங்கிய வேலை எங்கள் மூவருக்கும் மூன்று வாரம் பிடித்தது.

காண்டாக்ட் ஷீட்டை நாங்கள் முதலில் கண்டது தாய்மாமாவின் ஸ்டூடியோவில். 35 மி.மீ. ஃபிலிம் சுருள் ஒன்றில் 36 படங்கள். கழுவிக் காயவைத்த நெகட்டிவை ஆறு ஆறு படங்களாக நறுக்கி, அந்த ஆறு துண்டுகளையும் எட்டுக்குப் பத்து அங்குல அச்சுத்தாளின்மேல் நேரடியாகப் பரப்பி, மேலே கண்ணாடியை வைத்து அழுத்தி, என்லார்ஜரின் வெளிச்சத்தைச் சில விநாடிகள் மட்டும் காட்டுவார் மாமா. தாளை மருந்துத் தட்டில் இட்டதும் 36 சிறு படங்களும் ஒருசேர மேலெழும். ஒவ்வொன்றும் 24க்கு 36 மி.மீ.; தீப்பெட்டியைவிடச் சிறியது. பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தாளின்மேல் வைத்துக் குனிந்து பார்த்து, பெரிதாக்க வேண்டியவற்றைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவார். மற்றவை அப்படியே கிடக்கும்.

அப்படிக் கிடந்த ஒரு தாள் இன்றும் எங்களிடம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் எடுத்தது. ஏதோ ஒரு கல்யாண வீட்டுச் சுருளின் கடைசியில் மிஞ்சிய ஐந்தாறு படங்களை மாமா தம் தங்கையைப் பிடிப்பதில் செலவழித்திருக்கிறார். அம்மா ஒன்றில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். இன்னொன்றில் கேமராவை மறைக்கக் கை நீட்டுகிறாள். அடுத்ததில் பாதி முகம் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. ஒன்றின்மீதும் வட்டம் இல்லை. மாமா தொழிற்கண்ணோடு பார்த்து வேண்டாமென்று விட்டவை அவை. ஆனால் விட்டவற்றை இல்லாமல் ஆக்க அவருக்கு வழியில்லை. ஒரு படத்தை ஒழிக்க வேண்டுமென்றால் அதே துண்டிலுள்ள மற்ற ஐந்தின் நடுவே கத்தரிக்கோலைச் செலுத்த வேண்டும். எனவே வேண்டாதவை வேண்டியவற்றோடு சேர்ந்தே பிழைத்துக்கொண்டன.

உலகப் புகழ்பெற்ற படங்களைப் பற்றி நாம் அறிந்துள்ள பலவும் இவ்வாறு பிழைத்தவற்றால் அறிந்தவையே. 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் ஆல்பெர்ட்டோ கோர்டா எடுத்த சே குவேராவின் படம் பின்னாளில் சட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் பதிந்தது. அதன் முழுச் சட்டகத்தில் ஒரு பக்கம் வேறொருவரின் பக்கவாட்டு முகமும் மறுபக்கம் பனை ஓலைகளும் உள்ளன. அவற்றை வெட்டி நீக்கிய பின்னரே நாம் அறிந்த அந்தத் தனித்த முகம் கிடைத்தது. 1962இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் டயான் ஆர்பஸ் எடுத்த, பொம்மைக் கையெறிகுண்டு ஏந்திய சிறுவன், வெளியான படத்தில் வெறிபிடித்தவனைப் போலக் காட்சியளிக்கிறான். காண்டாக்ட் ஷீட்டின் மற்றச் சட்டகங்களிலோ அவன் படத்துக்கு நின்று காட்டும் சாதாரணப் பையன். ஒரு படம் உண்மையைச் சொல்கிறதா என்று அறியப் பக்கத்துப் படத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மேக்னம் புகைப்படக்காரர்களின் காண்டாக்ட் ஷீட்டுகளைத் தொகுத்து 2011இல் பெரிய நூலே வெளிவந்தது.

எங்கள் வேலைக்கு வருவோம். படங்களை வரிசையாக அடுக்கிக் கொடுப்பதற்கு மென்பொருள்கள் உள்ளன. போட்டோஷாப்பில் காண்டாக்ட் ஷீட் என்ற பெயரிலேயே ஒரு வசதி உண்டு. இமேஜ்மேஜிக் என்னும் இலவச மென்பொருளில் ஒரே கட்டளையில் ஆறுக்கு ஆறு என அடுக்கிவிடலாம். தம்பி ஒரு மணி நேரத்தில் முதல் தாளை உருவாக்கிக் காட்டினான். கறுப்பு வெள்ளைப் படங்கள், ஓரத்தில் துளைகள், கோடக் டிரை-எக்ஸ் என்ற எழுத்துகள், 1 முதல் வரிசை எண்கள். அழகாகவே இருந்தது. மாமாவின் தாளைப் பக்கத்தில் வைத்தபோதுதான் பிழைகள் தெரிந்தன.

அவன் தாளில் ஓரத்துளைகள் வெள்ளையாக இருந்தன. மாமாவின் தாளில் அவை கருமையிலும் கருமை. துளையில் ஃபிலிமே இல்லாததால் வெளிச்சம் தடையின்றி விழுந்து தாளைக் கருக்கிவிடும் அல்லவா? அவன் தாளில் எல்லாப் படமும் ஒரே அளவு வெளிச்சத்தோடு திருத்தமாக இருந்தன. உண்மையான தாளில் 36 படங்களுக்கும் ஒரே வெளிச்சம்தான். ஆகவே இருண்டு எடுத்தது இருண்டே கிடக்கும், வெளிறியது வெளிறியே கிடக்கும். அவன் தாளில் நெட்டுவாக்கில் எடுத்தவை நிமிர்ந்து நின்றன. மாமாவின் தாளில் அவை பக்கவாட்டில் படுத்திருந்தன; பார்ப்பவர்தான் தலையைச் சாய்க்க வேண்டும். தம்பியின் கேமராப் படம் நாலுக்கு மூன்று அளவு, ஃபிலிமின் சட்டகமோ மூன்றுக்கு இரண்டு. பொருத்துவதற்காக மென்பொருள் ஒவ்வொரு படத்தின் மேலும் கீழும் சற்று வெட்டியிருந்தது.

ஒவ்வொன்றாகத் திருத்தினோம். துளைகளைக் கறுப்பாக்கினோம். தானாக வெளிச்சம் திருத்துவதை நிறுத்தினோம். நெட்டுப் படங்களைப் படுக்கவைத்தோம். வெட்டாமல் முழுப்படத்தையும் வைத்து, இருபுறமும் எஞ்சிய இடத்தைக் கறுப்பாகவே விட்டோம். எடுக்காத ஃபிலிமின் பெயர் எதற்கு என்று அக்கா கேட்டாள். கோடக்கின் பெயரையும் நீக்கினோம். கடைசியில் எஞ்சியவை எண்கள். 1, 2, 3 என்பது நாங்கள் இட்ட எண். கேமரா இட்ட எண்ணையே போடுவோம் என்று முடிவு செய்தோம். அங்கேதான் வேலை நின்றது.

அன்றைய கோப்புகள் 0409இல் தொடங்கி 0444இல் முடிந்தன. மொத்தம் 36 எண்கள். சரியாக ஒரு சுருள். ஆனால் எங்களிடம் இருந்தவை 21 படங்கள்தாம். 0421 முதல் 0429 வரை ஒன்பது எண்கள் தொடர்ச்சியாக இல்லை. மற்ற ஆறு அங்கும் இங்குமாக விடுபட்டிருந்தன.

அந்த மாலை எங்கள் மூவருக்கும் நன்றாக நினைவிருக்கிறது. தாழ்வாரத்தில் உட்கார்ந்து கேமராவின் சிறு திரையைக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். “என்னடா இது, கண்ணை மூடிட்டிருக்கேன். நல்லா இருக்கிறது ரெண்டை வச்சுக்கிட்டு மத்ததெல்லாம் அழிச்சுடு” என்றாள் அம்மா. குப்பைத்தொட்டிக் குறியிட்ட பொத்தானை அழுத்துவது புதிய விளையாட்டாக இருந்தது. கண் மூடியது ஒன்று, தலை திரும்பியது ஒன்று, வாயைப் பொத்தியது ஒன்று. கார்டில் இடம் நிறையவே இருந்தது. இருந்தும் அழித்தோம். அந்தக் கார்டில் பின்னர் எத்தனையோ முறை வேறு படங்கள் ஏறிவிட்டன. மீட்க எதுவும் இல்லை. எஞ்சிய 21இல் அம்மா எட்டில் இருக்கிறாள். எட்டிலும் கேமராவை நேராகப் பார்த்து, கைகளைத் தொங்கவிட்டு, அடையாள அட்டைக்கு நிற்பவளைப் போல நிற்கிறாள். மாமாவின் தாளில் இருக்கும் அம்மா அவற்றில் இல்லை.

21 படங்களை இடைவெளியின்றி அடுக்கி எண்களை விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. வேறு நாளில் எடுத்தவற்றைக் கொண்டு நிரப்பலாம் என்று இன்னொன்று. இரண்டுக்கும் கை வரவில்லை. ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லும் ஒரு செய்தி அப்போது குறுக்கே வந்து நின்றது. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. எனினும் அந்த எண்களைப் பின்வரும் பாடல்களுக்குத் தந்து வரிசையைச் சீராக்கவில்லை. 266க்குப் பிறகு 269தான். சிதைந்த வரிகளின் இடத்தைப் புள்ளிகளால் காட்டும் பதிப்புமரபு நம்முடையது. செய்யுளியற்ற வல்லவர்களே அந்த ஏடுகளைப் பதிப்பித்தனர். ஓர் அடியை இட்டு நிரப்புவது அவர்களுக்குப் பெரிய காரியம் அன்று. நிரப்பாமல் விட்டதனால்தான் எஞ்சியதை நாம் நம்புகிறோம். அங்கே ஏட்டைத் தின்றது கரையான். இங்கே நாங்கள்.

இல்லாத 15 எண்களுக்கும் கறுப்புக் கட்டங்களை வைத்து, அடியில் எண்ணை மட்டும் அச்சிடுவது என்று தீர்மானித்தோம். அந்த ஒன்பதில் என்ன இருந்தது என்று சிறு குறிப்பாவது எழுதலாமே என்றாள் அக்கா. பொங்கல் பானை பொங்கும்போது குலவையிட வாயருகே கை வைத்திருந்தாள் என்பது அவள் நினைவு. புகை கண்ணில் பட்டுக் கண்ணீரோடு சிரித்தாள் என்றான் தம்பி. இரண்டும் வேறோர் ஆண்டில் நடந்தவையாகவும் இருக்கலாம். நெடுநேரம் பேசினோம். இறுதியில் குறிப்பெதுவும் எழுதவில்லை.

நினைவுநாளன்று தாள் சட்டமிடப்பட்டுக் கூடத்தில் தொங்கியது. சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

“இதென்ன இத்தனை இடம் கறுப்பா இருக்கு? அச்சு சரியா விழலையா?”

“அச்சு சரியாத்தான் விழுந்திருக்கு சித்தி. படத்தைத்தான் நாங்க அழிச்சிட்டோம்” என்றான் தம்பி.

சித்தி ஒன்றும் சொல்லவில்லை. விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே போனார். கறுப்புக் கட்டங்களையும் விடவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. எடுத்த படத்தை எடுத்த அன்றே எவரும் அழிப்பதில்லை. கண் மூடியிருந்தாலும் சரி.