36-வது படம்

பீளமேட்டுக்காரனுக்குச் சூரிய அஸ்தமனம் என்பது மில் சங்கு மாதிரி. நேரம் தெரியும், நின்று கவனித்தது கிடையாது. கவனிக்கலாம் என்றாலும் மேற்கே மலை மறைத்துக்கொள்ளும்.

1994-ல் எனக்குக் கேமராப் பைத்தியம் பிடித்தது. கேமரா நண்பனுடையது, பைத்தியம் மட்டும் சொந்தம். சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரி போனால், இந்தப் பக்கம் சூரியன் இறங்க, அந்தப் பக்கம் நிலா ஏறுமாமே! 36 படம் எடுக்கிற ஃபிலிம் ரோல் ஒன்று வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

"நானும் வரட்டா கண்ணு?" என்றார் அப்பா. இருபத்தெட்டு வருஷம் ஸ்பின்னிங்கில் ஷிப்ட் பார்த்துவிட்டு அப்போதுதான் ரிடையர் ஆகியிருந்தார். ராத்திரி பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்க, நான் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கண் விழித்தேன்.

விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை சார். பௌர்ணமியன்று பூமிக்கு ஒரு பக்கம் சூரியன், ஏறக்குறைய நேர் எதிரே நிலா. ஒன்று போகிற நேரத்துக்கு மற்றது வரும். எல்லாப் பௌர்ணமிக்கும் இதே கதைதான். மறுநாள் போனால் பலிக்காது. நிலா சுமார் ஐம்பது நிமிஷம் லேட்டாக வரும், எங்கள் ஆபீஸ் கேஷியர் மாதிரி!

அன்றைக்கு நிலா கொஞ்சம் முந்திக்கொண்டது. சூரியன் இன்னும் மேற்கே தொங்கிக்கொண்டிருக்க, விவேகானந்தர் பாறைப் பக்கமாகக் கடலுக்கு மேல் வெளிறிய வட்டமாக எழுந்தது. (133 அடி வள்ளுவர் அப்போது அங்கே இல்லை. அவர் சிலை திறக்கப்பட்டது 2000 ஜனவரி 1-ல்.) அடேயப்பா, எவ்வளவு பெரிய நிலா! கிளிக். திரும்பினால் சூரியன். கிளிக். கரைப் பாறை மேல் பம்பரமாகச் சுற்றினேன்.

"என்னையும் ஒரு போட்டா புடி கண்ணு."

"இருங்கப்பா, பிலிம் கம்மியா இருக்குதுங்க."

அப்பா பேசாமல் ஒதுங்கிக்கொண்டார். கடைசிப் படம் வந்தபோது, "நானாச்சும் உன்னைய ஒண்ணு புடிக்கட்டா?" என்றார். மனசே இல்லாமல் கேமராவைக் கொடுத்தேன்.

பிரின்ட் வந்தது. நிலா எடுத்த படத்திலெல்லாம் கடுகு! ஸ்டுடியோக்காரர் சிரித்தார். அடிவானத்து நிலா பெரிசாகத் தெரிவது வெறும் பிரமையாம். கையை நீட்டிச் சுண்டு விரல் நகத்தைக் காட்டினால் முழுசாக மறைந்துவிடும். சாதாரண லென்ஸில் அது ஃபிலிம் மேல் அரை மில்லிமீட்டர்கூட விழாது. 36-வது படத்தில் நான் கோணலாக நின்றேன். தோளுக்கு மேல் அதே கடுகு. எல்லாவற்றையும் ஆல்பத்தில் செருகிவிட்டேன்.

2003-ல் அப்பா போய்விட்டார். மாலை போடப் படம் தேடினால், மில் அடையாள அட்டையில் இருந்த ஸ்டாம்ப் சைஸ் முகம்தான் கிடைத்தது. அதைத்தான் பெரிசு பண்ணி மாட்டினோம்.

கொஞ்ச நாள் கழித்து அந்த ஆல்பத்தைப் புரட்டினேன். 36-வது படம். அப்பாவுக்குப் பின்னால் சூரியன், எனக்குப் பின்னால் நிலா. படத்தின் கீழ் விளிம்பிலிருந்து பாறை மேல் ஒரு நீண்ட நிழல். இரண்டு முழங்கையையும் தூக்கிக் கேமராவைக் கண்ணில் வைத்தபடி... நிழலின் தலை என் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இப்போது செல்போனில் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். எங்கே போனாலும் முதலில் கூட வந்தவர்களை எடுத்துவிடுகிறேன்.

பௌர்ணமி மாசாமாசம் வருகிறது, சார்.