ரசிகர்கள் மொய் எழுதிய ஆல்பம்... பாஸ்டன் பக்கத்தில் ஒரு பாட்டு அறை!

பாஸ்டன் நகரில் ரெட் லைன் ரயிலைப் பிடித்தால், சார்லஸ் ஆற்றைக் கடந்து சில நிமிடங்களில் ஹார்வர்டு ஸ்டேஷன் வந்துவிடும். மேலே ஏறினால் கேம்பிரிட்ஜ் நகரின் ஹார்வர்டு சதுக்கம். பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க வரும் கூட்டம் ஒரு பக்கம் போகட்டும். கூப் புத்தகக்கடையை ஒட்டி பாமர் தெரு என்று ஒரு குறுகலான சந்து இருக்கிறது. அங்கே படியிறங்கிப் போனால் 'கிளப் பாஸிம்'. சுமார் 100 பேர் உட்காரலாம். அவ்வளவுதான் இடம்!

ஆனால், அமெரிக்க நாட்டுப்புறப் பாடல் ரசிகர்களுக்கு இது கோயில் மாதிரி. 1958-ல் மவுண்ட் ஆபர்ன் தெருவில் 47-ம் எண் கட்டடத்தில் ஜாஸ் கிளப்பாகத் தொடங்கியதால், அப்போது பெயர் 'கிளப் 47'. ஜோன் பயஸ் பதின்வயதில் பாடிப் பெயர் வாங்கியது அங்கேதான். 1963-ல் பாமர் தெருவுக்கு மாறி, 1968-ல் மூடிவிட்டார்கள். அடுத்த வருடமே அதே இடத்தில் 'பாஸிம்' என்ற கடை வந்தது. புத்தக அடிக்குறிப்புகளில் வரும் லத்தீன் சொல் அது. 'ஆங்காங்கே' என்று பொருள். கடைக்குள் மெல்ல மெல்லப் பாட்டு மறுபடி நுழைந்தது. இடையில் சில வருடங்கள் இதே அறையில் சைவ உணவகமும் நடந்தது. பீட்சா தட்டுகளுக்கு நடுவே கிடார்!

இந்த மேடையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று எல்லிஸ் பால். மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், உருளைக்கிழங்கு விளையும் அரூஸ்டுக் பகுதிக்காரர். ஓட்டப்பந்தய வீரராக பாஸ்டன் காலேஜுக்கு வந்தவர், காயம்பட்டுப் படுத்த நேரத்தில் கிடாரைக் கையில் எடுத்தார். முன்னோடிப் பாடகர் வுடி கத்ரியின் உருவத்தைக் கையில் பச்சை குத்தியிருக்கிறார்.

பல வருடங்கள் ரவுண்டர் என்ற இசை நிறுவனம்தான் அவருடைய ஆல்பங்களை வெளியிட்டது. சி.டி விற்பனை சரியத் தொடங்கிய காலத்தில் அதிலிருந்து வெளியே வந்து, ரசிகர்களிடமே நேரடியாகக் கேட்டார்: அடுத்த ஆல்பத்துக்குப் பணம் தருவீர்களா? 1,00,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. 2010 ஜனவரியில் 'தி டே ஆஃப்டர் எவ்ரிதிங் சேஞ்ச்டு' வெளியானது. கிக்ஸ்டார்ட்டர் தளமே 2009-ல்தான் தொடங்கியது. கூட்டு நிதி என்ற சொல்லே பலருக்குப் பழகாத நேரம்.

மொய் எழுதுவதில் ஒரு கணக்கு உண்டே... நம் வீட்டு விசேஷத்துக்கு வந்தவருக்குத்தான் நாமும் எழுதுவோம். எல்லிஸ் பால் ஏற்கெனவே வந்திருந்தார். இருபது வருடங்களாக, வருடத்துக்கு 200 நிகழ்ச்சிகள் வரை, ஊர் ஊராக. பாஸிம் போன்ற சின்ன அறைகளில் கடைசி வரிசைக்கும் பாடகரின் முகம் தெரியும். நிகழ்ச்சி முடிந்ததும் சி.டி மேஜை அருகே நின்று நாலு வார்த்தை பேசலாம். அந்த உறவுதான் பணமாக வந்தது என்று சொன்னால் மிகையில்லை. இணையதளத்தில் ஒரு பட்டனை வைத்தாலே யாருக்கும் காசு கொட்டிவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நேற்று மேடையேறிய பாடகிக்கு மொய் எழுத யார் இருக்கிறார்கள்?

அவர்களுக்காகவும் பாஸிம் யோசிக்கிறது. லாப நோக்கற்ற அமைப்பாக, உறுப்பினர் சந்தாவையும் நன்கொடையையும் நம்பி நடக்கும் இந்த இடம், 'இகுவானா' என்ற நிதியிலிருந்து இசைக் கலைஞர்களுக்குச் சிறு தொகைகள் தருகிறது. பெரிய சோதனை 2020-ல் வந்தது. கொரோனாவில் கதவு மூடியது. மேடை இல்லையென்றால் பாடகருக்கு வருமானமும் இல்லை. ரசிகரைச் சந்திக்க வழியும் இல்லை. நிகழ்ச்சிகளை இணையத்துக்குக் கொண்டுபோனதோடு, கலைஞர்களுக்கான அவசர உதவி நிதி ஒன்றையும் கிளப் தொடங்கியது.

இப்போது அறை மறுபடி திறந்திருக்கிறது. புத்தாண்டை ஒட்டி எல்லிஸ் பால் இங்கே பாடுவது பல வருட வழக்கம். பாஸ்டனில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகிறவர்கள் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம். இடம் குறைவு என்பதால் டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். போனை அணைத்துவிட்டு உட்காருங்கள். பாட்டு நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது அங்கே பழக்கமில்லை.